முந்நூற்று முப்பத்தேழாம் பக்கம்

பாரதம் எடுக்கும் சாமி எங்கள் ஊருக்கு வருவதற்கு நான்கு நாள் முன்பே அவருடைய புகழ் வந்து இறங்கிவிட்டது. முதலில் வாட்ஸ்அப்பில் வந்தது. பிறகு ஷேர் ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வந்தது.

"அண்ணன் தம்பிக்குள் பகையா? மாமியார் மருமகளுக்குள் சண்டையா? காரணம் உங்கள் வீட்டிலேயே ஒளிந்திருக்கிறது. பாரத ஏடு. அதை எடுக்க வருகிறார் தவத்திரு கோபால சுவாமிகள்."

அண்ணன் தம்பிப் பகை இல்லாத வீடுகளாக இருந்தால் உத்திரமேரூர்ப் பக்கம் சர்வேயர்களுக்கு வேலையே இருக்காது. ஆகவே அந்த ஆட்டோ ஒவ்வொரு வீட்டையும் பெயர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரிதான் இருந்தது.

எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பாரதத்தைக் கோயில் திடலில் வைத்துக் கேட்போம். சித்திரையில் நாள் கணக்காகப் பிரசங்கம் நடக்கும், கூத்து நடக்கும். துரியோதனனை மண்ணால் செய்து முப்பதடி நீளத்துக்குப் படுக்கப் போடுவோம். அந்தக் கதையின் நாயகிக்கே கோயில் கட்டி, தீ மிதித்துக் கும்பிடுவோம். ஆனால் அதே கதை அச்சாகி, அட்டை போட்டு, வாசல்படி தாண்டி உள்ளே வந்துவிடக் கூடாது. வந்தால் குடும்பம் இரண்டாகிவிடும். திரௌபதி கோயிலில் இருக்கும்வரை அம்மன், வீட்டுக்குள் வந்தால் சண்டைக்காரி. சின்ன வயதிலிருந்தே எனக்கு இதில் ஒரு சந்தேகம் உண்டு. யாரையும் கேட்டதில்லை. கேட்காமல் இருப்பதில் நான் கெட்டிக்காரி.

சாமி வெள்ளைக் காரில் வந்து இறங்கினார். காவி வேட்டி, கழுத்தில் உருத்திராட்சம், கையில் மயிலிறகுக் கட்டு. கட்டின் கைப்பிடி ஒரு முழ நீளம். அதைச் சுற்றி மடிமடியாகச் சிவப்புத் துணி. அவர் பேச்சு சுத்தத் தமிழாக இருந்தது. எங்களுக்குச் சுத்தத் தமிழ் பேசினாலே பாதி பக்தி வந்துவிடும்.

வேலை செய்யும் முறை எளிமையானது. வீட்டுக்குள் நுழைவார். கண்ணை மூடுவார். மயிலிறகை ஒவ்வொரு பொருளாகத் தடவிக்கொண்டு போவார். ஓர் இடத்தில் மயிலிறகு நடுங்கும். கையை உள்ளே விடுவார். பழுப்பேறி, மஞ்சள் குங்குமம் அப்பிய ஒரு தாள் வெளியே வரும்.

"படிக்கக் கூடாது. படித்தால் பார்வை போய்விடும். பொழுது சாய்வதற்குள் எரித்துவிட வேண்டும்."

கூலி, ஒரு மூட்டை நெல். நவரை அறுவடை முடிந்து எல்லார் வீட்டிலும் மூட்டை அடுக்கியிருந்த நேரம். சாமிக்குப் பஞ்சாங்கம் தெரிகிறதோ இல்லையோ, பயிர்ப் பட்டம் தெரிந்திருந்தது.

முதலில் பிரபா வீட்டில் எடுத்தார். பிரபா எங்கள் பக்கத்து வீட்டுக்காரி. அடுத்தது நாங்கள்.

எங்கள் வீட்டு நிலவரம் இது. என் கணவருக்கும் கொழுந்தன் வினோத்குமாருக்கும் ஒரே போர்வெல். முதலில் யார் வயலுக்குத் தண்ணீர் என்பதில் மூன்று மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லை. மாமியார் எல்லம்மாளுக்கு அந்தக் கவலையில் தூக்கம் இல்லை. வினோத்குமாரின் மனைவி திவ்யா ராஜகுளத்துப் பெண். தறிக்காரர் மகள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஜெராக்ஸ் கடை வேலை. இப்போது உத்திரமேரூர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கடையில் ஜெராக்ஸ் எடுப்பதும் பைண்டிங் போடுவதும் அவள்தான். வேலைக்குப் போகிற மருமகள். எதிர்த்துப் பேசமாட்டாள், ஆனால் கேள்வி கேட்பாள். எங்கள் வீட்டில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் பார்ப்பதில்லை.

சாமியின் மயிலிறகு முதலில் என் பீரோவைத் தொட்டது.  மயிலிறகு நடுங்கவில்லை, தாண்டிப் போய்விட்டது. திவ்யாவின் பெட்டியில் போய் நடுங்கியது. அவளுடைய முகூர்த்தப் பட்டுக்கு அடியிலிருந்து தாள் வந்தது.

"இது இந்த வீட்டில் பிறந்த ஏடு அல்ல," என்றார் சாமி. "வந்த ஏடு. கொண்டுவந்த பெண் ஒரு மண்டலம் தாய்வீட்டில் இருக்க வேண்டும். நாற்பத்தெட்டு நாளில் தோஷம் இறங்கினால் அழைத்துக்கொள்ளலாம்."

"எறங்கலன்னா, சாமி?" என்று கேட்டாள் மாமியார்.

"அம்மன் சித்தம்."

திவ்யா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். உண்மையைச் சொல்கிறேன், என் மனதின் ஒரு மூலையில் சின்னதாக ஒரு நிம்மதி வந்தது. என் பீரோ இல்லை, அவள் பெட்டி. அந்த நிம்மதிக்கு உருவம் இருந்திருந்தால் அதுவும் மஞ்சள் குங்குமம் அப்பிக்கொண்டுதான் இருந்திருக்கும்.

அன்று சாயங்காலமே முடிவாகிவிட்டது.

"வெள்ளிக்கெயம காலைல வண்டி வெச்சிக் கொண்டுபோயி வுட்டுட்டு வந்துரு," என்றாள் மாமியார் வினோத்குமாரிடம். "புள்ளைக்கு ஸ்கூல் கீது. அது இங்கயே இருக்கட்டும்."

"அத்த, பாப்பா நாலு வயசுகூட ஆவல," என்றாள் திவ்யா.

"நான் இன்னா காட்டுலயா வுடப் போறேன். நாப்பத்தெட்டு நாளுதான."

"மேலண்ட ஊர்ல ஒரு பொண்ண அனுப்பிச்சாங்களே, அத்த. அது தாய்வூட்டுக்குப் போயி நாலாவது மாசம் நடக்குது. இன்னும் கூப்புடல."

வினோத்குமார் செல்போனைத் தேய்த்துக்கொண்டிருந்தான். "ஒரு நாப்பத்தெட்டு நாளு போய்க்கினு வா, திவ்யா. நெருப்புல நிக்கச் சொல்லல."

தாளை எரிக்கும் வேலை என்னிடம் வந்தது. "நீ மூத்தவ, கஸ்தூரி. நீயே கொளுத்திடு," என்றாள் மாமியார். எடுத்துக்கொண்டு பின்கட்டு விறகடுப்புக்குப் போனேன். தீக்குச்சியும் கிழித்துவிட்டேன். கடைசிப் பார்வையாக ஒரு சொல் கண்ணில் பட்டுவிட்டது. 'கண்ணன்.'

கீழே கிடக்கும் காலண்டர் தாளைக் கால் தெரியாமல் தொட்டுவிட்டால்கூட எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற ஜாதி நாங்கள். கண்ணன் பெயரை எப்படிக் கொளுத்துவது? குச்சி விரலைச் சுட்டது. தாளை மடித்து அரிசி டிரம்முக்கு அடியில் செருகினேன். "ஆச்சு அத்த," என்று சொல்லிவிட்டு வந்தேன். படித்தால் கண் போகும் என்ற பயம் ஒரு பக்கம். எரித்தால் என்ன போகுமோ என்ற பயம் இன்னொரு பக்கம். இரண்டு பயத்துக்கு நடுவில் அந்தத் தாள் பத்திரமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமைக்குள் சாமி எங்கள் ஊரில் பதினொரு வீடு முடித்தார். புதன்கிழமை மௌன விரதம். வியாழன் சாயங்காலம் ரைஸ்மில் பன்னீர்செல்வம் வீட்டில் பெரிய அளவில் ஏடு எடுப்பு. ஊரே பார்க்கலாம் என்று அறிவிப்பு வந்தது.

புதன்கிழமை காலை திவ்யா பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். மகளின் யூனிஃபார்மை இஸ்திரி போட்டு ஐந்து நாளுக்கு ஐந்தாகக் கட்டிலில் வைத்திருந்தாள். ஆறாவதாக ஒன்றை எடுத்து, எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. அழுதிருந்தால் நான் சமாளித்திருப்பேன், கூடச் சேர்ந்து அழுதுவிட்டு என் வேலையைப் பார்க்கப் போயிருப்பேன்.

"திவ்யா," என்றேன். "ஒண்ணு சொன்னா அத்தகிட்ட சொல்ல மாட்டியே. அத நான் எரிக்கல."

அவள் கையை நீட்டினாள். நான் கொண்டுவந்து கொடுத்தேன். கொடுக்கும்போது என் கண்ணை நானே மூடிக்கொண்டேன்.

திறந்து பார்த்தபோது அவள் தாளை மூக்கருகில் வைத்திருந்தாள். பிறகு ஓரத்தை விரலால் தடவினாள். பிறகு திருப்பினாள்.

"அக்கா, இது டீத்தண்ணில முக்கிக் காயவெச்ச பேப்பரு. வாசன கூடப் போவல. ஓரத்துல பாரு, தையல் ஓட்ட. பைண்டிங் பண்ண புக்லேர்ந்து கியிச்சது." மூலையில் அப்பியிருந்த குங்குமத்தை நகத்தால் சுரண்டினாள். "முந்நூத்திப் பதினேழு. பின்னால முந்நூத்திப் பதினெட்டு."

"படிக்காதடி. கண்ணு போயிடும்."

"எங்க கடைல ஒரு நாளைக்கு ரெண்டாயிரம் பக்கம் பாக்கறேன். அதுல போவாத கண்ணு இதுலயா போவப் போவுது." சற்று யோசித்தாள். "பிரபாக்கா வூட்டுத் தாளு இன்னா ஆச்சு?"

பிரபா முதலில் சத்தியமே செய்தாள். எரித்தாயிற்று, சாம்பலை ஏரியில் கரைத்தாயிற்று. நான் எரிக்கவில்லை என்று சொன்னதும் அவள் முகம் மாறியது. பூஜை அலமாரியில் சாமி படத்துக்குப் பின்னாலிருந்து எடுத்துவந்தாள். "எங்க மாமியாருக்குத் தெரிஞ்சா என்னையே எரிச்சிடும்."

"முந்நூத்திப் பதினஞ்சு, பதினாறு," என்றாள் திவ்யா.

அடுத்து மார்த்தாள் வீடு. மார்த்தாள் தையல்காரி, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள். மருமகள் கிடையாது. அதனால் சாமி அவளுடைய தையல் மெஷின் டிராயரில் ஏடு கண்டுபிடித்திருந்தார்.

"உங்க வூட்டுல பாரதம் எப்பிடிக்கா வந்துச்சி?" என்று கேட்டேன்.

"அதான் எனக்கும் பேஜாரா கீது. பக்கத்து வூட்டுச் சண்ட இங்க வந்து ஒளிஞ்சிக்கினு கீதுன்னாரு. சரி போய்த் தொலையுது, ஒரு மூட்ட நெல்லுதானேன்னு வுட்டுட்டேன்."

"எரிச்சீங்களா?"

மார்த்தாள் மெல்ல பைபிளைத் திறந்தாள். உள்ளே தாள் இருந்தது. "சாமி பொஸ்தகத்த எரிக்க மனசு வர்ல. அவங்க சாமியா இருந்தா இன்னா. ஒரு சாமிகிட்ட இன்னொரு சாமி பத்திரமா இருக்கட்டும்னு வெச்சேன்."

முந்நூற்றுப் பத்தொன்பது, இருபது.

பதினொரு வீட்டுக்கும் போனோம். பதினொரு வீட்டிலும் எரிக்கவில்லை. ஒருத்தி புளிப்பானைக்கு அடியில், ஒருத்தி ரேஷன் கார்டுக்குள், ஒருத்தி ஜாக்கெட்டுக்குள்ளேயே. ஒவ்வொருத்தியும் ஊரிலேயே தான் மட்டும்தான் சாமி சொல்லை மீறிய பாவி என்று நினைத்து வெந்துகொண்டிருந்தாள். ஒன்பது வீட்டில் தாள் மருமகள் பெட்டியிலிருந்துதான் வந்திருந்தது. ஒருவர் வீட்டில்கூட மாமனார் சட்டைப்பையிலிருந்து வரவில்லை.

மதியம் பிரபா, மார்த்தாளோடு எங்கள் வீட்டுக் கூடத்தில் தாள்களைப் பரப்பினோம். மாமியார் அறுப்புக்கூலி கொடுக்க வயலுக்குப் போயிருந்தாள். திவ்யா கடையில் சிதறிய பிராஜெக்ட் தாள்களை அடுக்குகிற மாதிரி தட்டித் தட்டி அடுக்கினாள். முந்நூற்றுப் பதினைந்திலிருந்து முந்நூற்று முப்பத்தாறு வரை, ஒன்றுகூட விடாமல், சாமி எந்த வரிசையில் வீடுகளுக்குப் போனாரோ அந்த வரிசையில்.

"சோம்பேறி," என்றாள் திவ்யா. "கலைச்சிப் போட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது. மேலேர்ந்து ஒண்ணொண்ணா கியிச்சிக்கினே வந்துகீறாரு."

"அப்ப முன்னால இருந்த முந்நூத்திப் பதினாலு பக்கம்?" என்று கேட்டாள் பிரபா.

"ரெண்டு பக்கத்துக்கு ஒரு தாளு. நூத்தி அம்பத்தேழு வூடு."

நூற்று ஐம்பத்தேழு வீடுகள். எத்தனை பெட்டிகளோ, பெண் திரும்பி வந்த எத்தனை ராஜகுளங்களோ.  பிறகு மார்த்தாள், "கதைல இன்னாதான் எழுதிகீது, படியேன்," என்றாள்.

அன்று எங்கள் வீட்டில் முதல்முறையாகப் பாரதம் வாசிக்கப்பட்டது. சூதாட்டக் கட்டம். தருமர் நாட்டை வைத்துத் தோற்றார், தம்பிகளை வைத்துத் தோற்றார், தன்னை வைத்துத் தோற்றார், பெண்டாட்டியை வைத்துத் தோற்றார். வீட்டில் சண்டை எதுவும் வரவில்லை. அடுப்பில் இருந்த சோறுதான் தீய்ந்தது.

கடைசித் தாள் பாதி வாக்கியத்தில் நின்றுவிட்டது. "ஐயோ, அப்பால?" என்றாள் பிரபா.

"அப்பால நாளைக்கு," என்றாள் திவ்யா. "ரைஸ்மில் வூட்ல வரும்."

வியாழன் சாயங்காலம் மில் வீட்டு வாசலில் நிற்க இடமில்லை. பெருநகர் கிராமத்திலிருந்துகூட வேன் பிடித்து வந்திருந்தார்கள். ஐஸ் வண்டி வந்திருந்தது. ஒருவன் சாமி படம் போட்ட சாவிக்கொத்து விற்றான். பன்னீர்செல்வம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கும் அவர் தம்பிக்கும் மில்லில் பாகப் பிரச்சினை. போன மாதம்தான் வந்த மருமகள் பின்னால் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தப் பெண்ணின் கையைப் பார்த்தேன். தூண் கீழே விழாமல் அவள்தான் தாங்குகிறாளோ என்று தோன்றும்படி இறுக்கிப் பிடித்திருந்தாள்.

திவ்யா மாமியாரிடம் போய் ஒரு மடித்த சீட்டைக் கொடுத்தாள்.

"இன்னாடி இது?"

"கைல மூடி வெச்சிக்கங்க, அத்த. சாமி ஏடு எடுத்தப்புறம் பிரிச்சிப் பாருங்க. நீங்கதான் பிரிக்கணும். ஒண்ணும் இல்லன்னா காலைல நானே பஸ் ஏறிப் போயிடறேன். வண்டிகூட வேணாம்."

மாமியாருக்கு அந்தக் கடைசிச் சொல் பிடித்திருந்தது. முஷ்டியை மூடிக்கொண்டாள்.

சாமி கண்ணை மூடினார். மயிலிறகு டிவியைத் தடவியது, ஃப்ரிட்ஜைத் தடவியது. மருமகளின் சீர் பீரோவுக்கு வந்ததும் நடுங்கியது.  தாள் வந்தது. பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

"சாமி," என்றாள் திவ்யா கூட்டத்துக்கு நடுவிலிருந்து. "அந்த ஏட்டுல பக்க நம்பரு இன்னா போட்டுகீது?"

சாமி சிரித்தார். "ஏட்டுக்கு ஏதம்மா எண்? இது தெய்வ வாக்கு."

"மூலைல குங்குமம் கீதே, அத தொடச்சிப் பாக்கச் சொல்லுங்க."

"படித்தால் பார்வை..."

"நம்பரு படிச்சா பார்வ போவாது. போறதா இருந்தா மில்லுல மூட்டை நம்பரு பாத்தே ஐயாவுக்குப் போயிருக்கும்."

பன்னீர்செல்வத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதுதான் சாமிக்கு வினையாயிற்று. தாளை வாங்கி, துண்டால் துடைத்து, கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். "முந்நூத்தி முப்பத்தேழு."

"அத்த, பிரிங்க."

மாமியார் முஷ்டியைத் திறந்தாள். வியர்வையில் சீட்டு நமுத்திருந்தது. எழுத்துக் கூட்டினாள். "முந்நூத்தி... முப்பத்தேழு." மறுபடியும் பார்த்தாள். "அடிப்பாவி."

திவ்யா தன் பையிலிருந்து பதினொரு தாளையும் எடுத்தாள். "இதெல்லாம் பதினோரு வூட்ல எடுத்தது. யாரும் எரிக்கல. எல்லாம் ஒரே புக்கு. கடைசித் தாளுல கடைசி வரி படிக்கறேன். ஐயா உங்க தாளுல மொத வரி படிங்க."

அவள் படித்தாள். "'என்னைத் தோற்கும் முன்பே தன்னைத் தோற்றவருக்கு என்னைப் பணயம் வைக்க ஏது உரிமை என்று பாஞ்சாலி கேட்டாள். அதைக் கேட்டு அந்தச் சபையில் இருந்த பெரியவர்கள்...'"

பன்னீர்செல்வம் தொடர்ந்தார். "'ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார்கள்.'"

எங்கள் ஊர்ப் பெரியவர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார்கள். வினோத்குமார் தன் செருப்பைப் பார்த்தான். நானும் என் காலைப் பார்த்தேன். பார்க்க இடம் தேடுகிறவர்களுக்கு எல்லாச் சபையிலும் தரைதான் கிடைக்கிறது.

"அடுத்தது முந்நூத்தி முப்பத்தொம்பது," என்றாள் திவ்யா. "வூட்டுக்குள்ள வரச்சொல்ல அவரு கைல கீறது மயிலெறகு ஒண்ணுதான், அந்தக் கைப்பிடில கீது. அவுத்துப் பாருங்க."

சாமி மயிலிறகுக் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டார். தூணைப் பிடித்திருந்த மருமகள் தூணை விட்டாள். நேரே வந்து சிவப்புத் துணியின் நுனியைப் பிடித்து இழுத்தாள். துணி மடிமடியாக அவிழ்ந்தது. சுருட்டிய தாள்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. முப்பத்தொன்பது, நாற்பத்தொன்று, நாற்பத்து மூன்று. தெய்வ வாக்கு வரிசை தவறாமல் விழுந்தது.

"இன்னாமே இது, பொம்பளைங்க மேல வந்து வுழறீங்க," என்று கத்தினார் சாமி. சுத்தத் தமிழ் அந்த இடத்தில் அவரை விட்டுப் போய்விட்டது. "தள்ளு தள்ளு, வண்டியாண்ட போவணும்."

வண்டியாண்ட போக முடியவில்லை. காருக்குப் பின்னால் ஒரு மினி லாரி நின்றிருந்தது, அதில் எங்கள் ஊர் நெல் இருந்தது. அதை இறக்கிவிட்டுப் போகலாம் என்று மார்த்தாள் சொன்னாள். காரின் பின்பெட்டியில் அட்டை பிய்ந்த புத்தகம் கிடந்தது. இன்னும் ஐந்நூறு பக்கம் பாக்கி. தாலுகா முழுவதற்கும் போதும்.

கதை இங்கே முடிந்திருந்தால் எனக்குச் சந்தோஷம். முடியவில்லை. கூட்டத்திலிருந்து சடையப்பன் என்ற பெரியவர் முன்னால் வந்தார். சாமிக்கு முதல் மாலை போட்டவர் அவர்தான். நெடுஞ்சாண்கிடையாகத் திவ்யா காலில் விழுந்தார்.

"தாயே, மூடின கைக்குள்ள இருக்கற நம்பர சொல்லிட்டியே. உன் மேல அம்மன் எறங்கிகீறா. எங்க வூட்டுக்கும் ஒரு நம்பரு சொல்லு."

பின்னால் நான்கு பேர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தயாரானார்கள். ஒருத்தி கற்பூரம் தேட ஆரம்பித்துவிட்டாள்.

திவ்யா காலை இழுத்துக்கொண்டாள். "எந்திரிங்க மாமா. முப்பத்தஞ்சுக்கு அப்பால ஒரு தாளு திருப்புனா முப்பத்தேழு வரும். இதுக்கு அம்மன் இன்னாத்துக்கு எறங்கணும். எங்க பாப்பாவே எண்ணுவா."

"அப்படியா," என்றார் சடையப்பன் எழுந்துகொண்டே. குரலில் ஏமாற்றம் இருந்தது. சாமி போனதைவிட இது போனதுதான் அவருக்கு வருத்தம்.

வீட்டுக்கு வந்ததும் மாமியார் கட்டில் மேல் இருந்த பெட்டியைப் பார்த்தாள். "வினோத்து, அத எடுத்து உள்ள வைடா," என்றாள். மன்னிப்பு என்ற சொல் எங்கள் வீட்டில் புழக்கத்தில் இல்லை. சற்று நேரம் கழித்து, "அந்தப் பொஸ்தகத்துல அப்பால இன்னா ஆச்சாம்? பொடவய உருவினானே, அத எந்தப் பக்கத்துல போட்டுகீது?" என்று கேட்டாள். திவ்யா காரிலிருந்து எடுத்துவந்த புத்தகத்தைத் திறந்தாள். பாப்பா அவள் மடியில் உட்கார்ந்து பக்க எண்களை விரல் வைத்துச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

போர்வெல் தகராறு அப்படியேதான் இருக்கிறது. அதற்குக் காரணம் பாரதம் இல்லை, தண்ணீர் என்று இப்போது ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். முறை வைத்துக்கொள்ளலாமா என்று பேச்சு நடக்கிறது.

முதல் நூற்று ஐம்பத்தேழு தாள்கள் எங்கோ உங்கள் வீடுகளில்தான் இருக்கின்றன. எரித்திருக்க மாட்டீர்கள், எனக்குத் தெரியும். டிரம்முக்கு அடியிலோ, படத்துக்குப் பின்னாலோ வைத்திருப்பீர்கள். இத்தனை நாள் கண்ணில் ஒற்றிக்கொண்டது போதும். எடுத்துத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கத்திலும் அச்சடித்திருக்கிறது.